கல்லுக்காலில் மோதிய கார்: கிளைம் போடுவதா, கைக்காசில் முடிப்பதா?

கொடுமுடி மருமகன் (ஈரோடு)

ஞாயிற்றுக்கிழமை மாமனார் தோட்டத்தில் கிடாவெட்டு விருந்து. சாப்பிட்டுக் கிளம்பும்போது சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் காரைப் பின்னோக்கி எடுத்தேன். கட்டுத்தறி ஓரத்தில் நின்ற கல்லுக்கால் இடது பின்பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. காரில் கேமரா இருக்கிறது. நான் அதில் ஆட்டுக்குட்டி எதுவும் குறுக்கே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல் படத்துக்கு வெளியே நின்றது. மாமனார் ஓடி வந்து பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாப்பிள்ளை."

காருக்கு ஆகியிருக்கிறது. பின் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. சக்கரத்துக்கு மேலே இருக்கும் குவாட்டர் பேனலில் நீளமாக ஒரு பள்ளமும் கீறலும். பம்பர் ஓரத்தில் விரிசல்.

ஷோரூம் சர்வீஸ் சென்டரில் மதிப்பீடு கேட்டேன். புதிய பம்பர் 4,200, அதற்குப் பெயிண்ட் 3,000. கதவுக்கு டிங்கரிங் 1,800, பெயிண்ட் 3,600. குவாட்டர் பேனலுக்கு டிங்கரிங் 1,400, பெயிண்ட் 3,600. கழற்றி மாட்டும் கூலி 900. ஆக மொத்தம் 18,500, வரி உட்பட.

கார் 1,200 சிசி பெட்ரோல், ஐந்தாவது ஆண்டு ஓடுகிறது. இதுவரை ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. இப்போதைய பாலிசியில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 45 சதவீதம். ஆகஸ்டில் புதுப்பிக்க வேண்டும். பம்பர் டு பம்பர் (தேய்மானம் பிடிக்காத கூடுதல் காப்பீடு) முதல் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன், பிறகு காசை மிச்சப்படுத்துவதாக நினைத்து எடுத்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் கிளைம் போடச் சொல்கிறார்கள். ஏஜென்ட் எங்களுக்குப் பங்காளி முறை. அவரும் போடச் சொல்கிறார். அப்பா மட்டும் வேண்டாம் என்கிறார், காரணம் சொல்லாமல். யார் பேச்சைக் கேட்பது?

சங்ககிரி லாரிக்காரன் (சங்ககிரி)

அப்பா பேச்சை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லாரி நிற்கும். ஒடுக்கு விழுந்ததற்கெல்லாம் கிளைம் போடுகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வண்டி கவிழ்ந்தால் போடுவோம், எரிந்தால் போடுவோம். பம்பர் விரிசலுக்குப் போட்டால் ஸ்டாண்டில் சிரிப்பார்கள்.

பிரீமியம் கட்டியவன் (திருப்பூர்)

லாரிக்கார அண்ணா, சிரிப்பவர்களா உங்கள் பிரீமியத்தைக் கட்டுகிறார்கள்?

ஐந்து ஆண்டுகளாக இந்தத் தம்பி பணம் கட்டியிருக்கிறார். சேதம் நடந்துவிட்டது. இப்போதும் கேட்கக்கூடாது என்றால் எதற்கு இன்சூரன்ஸ்? கம்பெனிகள் 'போனஸ்' என்று ஒரு மிட்டாயைக் காட்டி நம் பணத்தை நாமே கேட்கக் கூச்சப்படும்படி பழக்கிவிட்டார்கள். என் பனியன் யூனிட்டில் தீயணைப்புக் கருவி வாங்கி வைத்திருக்கிறேன். சின்னத் தீ என்றால் எடுக்கக்கூடாதா?

கிளைம் போடுங்கள் தம்பி.

கொடுமுடி மருமகன்

இரண்டும் சரியாகத்தான் படுகிறது. அதுதான் சிக்கல். யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் நல்லது. எனக்குச் சதவீதம் வந்தாலே தலை சுற்றும், நான் தமிழாசிரியர்.

கணக்குப்பிள்ளை (கோவை, சிங்காநல்லூர்)

ஆசிரியரே, ஒரு மில்லில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். வேறு வேலையும் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், கிளைம் போட்டால் கம்பெனி 18,500 தராது. உங்களிடம் பம்பர் டு பம்பர் இல்லாததால் தேய்மானம் பிடிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பொருளுக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதி. ஆகவே பம்பரில் 2,100 போகிறது. பெயிண்டுக்கான மொத்தச் செலவு 10,200. அதில் கால் பங்கைப் பொருள் விலை என்று கணக்கில் கொண்டு, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிப்பார்கள்: 1,275. கதவையும் பேனலையும் மாற்றாமல் தட்டி நிமிர்த்துவதால் இரும்புக்குத் தேய்மானம் இல்லை. மாற்றியிருந்தால் நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் காருக்கு 35 சதவீதம் பிடித்திருப்பார்கள். கடைசியாக, 1,500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கூட்டினால் 4,375. அது உங்கள் பையிலிருந்து. கம்பெனி தருவது 14,125.

இனி போனஸ். அது முழு பிரீமியத்துக்கும் கிடையாது. உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான். உங்கள் சிசி காருக்கான மூன்றாம் தரப்புத் தொகை (உங்கள் காரால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கானது), 2022 ஜூனில் 3,416 என்று நிர்ணயித்தது, அதில் போனஸுக்கு வேலையே இல்லை. பாலிசித் தாளை எடுத்துப் பார்த்து, போனஸ் கழிப்பதற்கு முன்னால் சொந்தச் சேதப் பிரீமியம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கொடுமுடி மருமகன்

ஐயா, 8,000 என்று இருக்கிறது. 45 சதவீதம் போக 4,400.

கணக்குப்பிள்ளை

கணக்கெழுதுபவனுக்குப் பிடித்த எண்.

படிகள் இவை: கிளைம் இல்லாத ஓர் ஆண்டுக்கு 20 சதவீதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் படி இல்லை. ஏறுவது ஒவ்வொரு படியாக. இறங்குவது மட்டும் மொட்டை மாடியிலிருந்து நேராகத் தரைக்கு.

கிளைம் போடாவிட்டால் ஆகஸ்டில் 50 சதவீதம் தொடுவீர்கள். ஆண்டுக்கு 4,000 கட்டினால் போதும். போட்டால் ஆகஸ்டில் 8,000. அடுத்த ஆண்டு 6,400. பிறகு 6,000, 5,200, 4,400. ஆறாவது புதுப்பிப்பில்தான் மறுபடி 4,000. ஆண்டுவாரியாக வித்தியாசம் 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் பத்தாயிரம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800.

எல்லோரும் தப்பு செய்யும் இடம் இதுதான். வரும் ஆண்டு வித்தியாசமான 4,000-ஐ மட்டும் பார்த்துவிட்டு "14,000 வருகிறதே, 4,000 தானே போகிறது" என்று துள்ளிக் குதிக்கிறார்கள். வால் ஐந்து ஆண்டு நீளம் என்பது தெரிவதில்லை.

வேறு படியில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். கார் வாங்கிய முதல் ஆண்டிலேயே கிளைம் போட்டால் இந்த வாலின் மொத்த நீளம் முழுச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதிதான். 20 சதவீதப் படியில் நிற்பவருக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல். 25-இல் நிற்பவருக்கு ஒரு மடங்கைச் சற்றே தாண்டும். 45-இலும் 50-இலும் நிற்பவருக்கு ஒன்றேகால் மடங்கு. ஆசிரியர் அந்த உச்சாணியில் நிற்கிறார்.

பிரீமியம் கட்டியவன்

கணக்குப்பிள்ளை ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். காரின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், சொந்தச் சேதப் பிரீமியமும் கூடவே இறங்கும். எல்லா ஆண்டும் 8,000 என்று பிடித்தது தவறு. 11,800 என்பது உண்மையில் பத்தாயிரம் பக்கம்தான் வரும்.

இப்போது நான் கூட்டுகிறேன். கிளைம் போட்டால் பையிலிருந்து 4,375, வால் 10,000. சுமார் 14,400. போடாவிட்டால் 18,500. நான்காயிரம் மிச்சம். இன்னும் சிரிக்கிறீர்களா லாரிக்கார அண்ணா?

கணக்குப்பிள்ளை

இறங்கும் மதிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஷோரூமில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால் உங்கள் கூட்டலும் சரி.

பட்டறை வீட்டம்மா (பெருந்துறை சாலை, ஈரோடு)

அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு டிங்கரிங், பெயிண்ட் பட்டறை. பில் போடுவது நான். ஆசிரியர் சொன்ன வேலையை எங்களைப் போன்ற பட்டறையில் 8,500 சுற்றி முடிக்கலாம். பம்பர் ஓர விரிசலுக்குப் புதுப் பம்பர் தேவையில்லை. சூட்டுக்கோலால் பிளாஸ்டிக் வெல்டிங் வைத்து உள்பக்கம் வலை பதித்துத் தேய்த்தால் உறுதியாக நிற்கும். சென்சார் பொருத்திய இடத்திலோ, மாட்டும் காதுகளிலோ உடைந்திருந்தால் மட்டும் மாற்றச் சொல்வோம். ஷோரூமில் வெல்டிங் பேச்சே கிடையாது. மாற்றுவார்கள், ஏனென்றால் பணம் கட்டுவது கம்பெனி.

வெளிப் பட்டறையில் உள்ள ஆபத்தையும் நானே சொல்கிறேன். ஒடுக்கை முழுதாக எடுக்காமல் பட்டியை அப்பி மேடு கட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வெயில் காலம் தாங்கும், அடுத்த மழைக்கு விண்டு வரும். "உள்ளிருந்து எவ்வளவு தூரம் தட்டி எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். கதவின் உள்பலகையைக் கழற்றுவேன் என்றால் நம்பலாம். கழற்றத் தேவையில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், இந்த முறை கேமராவைப் பார்த்து.

இன்னொன்று, ஆசிரியரே. முடிவெடுக்கும் வரை ஒன்றையும் தட்டாதீர்கள், தேய்க்காதீர்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் வேலை தொடங்கிய வண்டிக்குக் கிளைம் வாங்குவது பெரும்பாடு. இரும்பு தெரிகிற இடத்தில் நீர் தங்காமல் துடைத்து வைத்தால் போதும்.

கொடுமுடி மருமகன்

நன்றி அக்கா. 8,500 என்றால் கணக்கே மாறுகிறது. கிளைம் போட்டால் 14,400, போடாமல் வெளியே செய்தால் 8,500. ஆனால் மனது ஷோரூமை விட மறுக்கிறது. வீட்டில் அவருக்கு அந்தக் காரின் நிறம் மிகவும் பிடிக்கும். வேறுபாடு தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

இட்டேரி ராஜா (தாராபுரம்)

ஆசிரியருக்கு ஒரு குறுக்குத் தடம். எங்கள் தோட்டத்து இட்டேரியில் (இருபுறமும் வேலி உள்ள வண்டித்தடத்தில்) கிளுவை முள் கிழித்துக் கிழித்து என் காரின் இரண்டு பக்கமும் ஏர் உழுத மாதிரி இருந்தது. போன ஆண்டு ஒரு சின்ன மோதல். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் அந்த ஒரே மோதலில் சேர்த்து எழுதிவிட்டார். கார் முழுக்க இலவசப் பெயிண்ட்! கிளைம் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள். ஆகஸ்டில் வேறு கம்பெனிக்கு மாறி, கிளைம் இல்லை என்று ஒரு டிக் அடித்தால் போனஸும் அப்படியே இருக்கும்.

ஓய்வுபெற்ற சர்வேயர் (கோவை, பீளமேடு)

இட்டேரி ராஜா, நீங்கள் எழுதியிருப்பதற்குப் பெயர் குறுக்குத் தடம் அல்ல. இரண்டு பொய்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வண்டியின் முன்னால் குந்தியதும் நான் பார்ப்பது உயரத்தைத்தான். கல் எவ்வளவு உயரம், ஒடுக்கு எவ்வளவு உயரம். பொருந்தாவிட்டால் அப்போதே கதை முடிந்தது. அடுத்தது திசை. பின்னோக்கிப் போன வண்டியில் கீறல் பின்பக்கம் ஆழமாகத் தொடங்கி முன்பக்கம் மெலிந்து ஓடும். முன்னோக்கிப் போகும்போது முள் கிழித்தது அதற்கு நேர் எதிர். அது மயிரிழை மாதிரி நாலைந்து கோடாக இணையாகவும் ஓடும். கல் கிழித்தது ஒரே பட்டையாக, உள்ளே வெள்ளைத் தூளோடு இருக்கும். பழைய கீறலில் மெழுகும் மண்ணும் உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் துரு பழுப்பாகத் தெரியும். நகத்தால் சுரண்டினாலே வயது சொல்லிவிடும். ஒரு சம்பவம் என்றால் ஒரு கிளைம். வேறு நாளில் விழுந்த கீறல் வேறு சம்பவம். அதற்குத் தனிக் கிளைம், தனிக் கட்டாயக் கழிவு. உங்களைப் பார்த்த சர்வேயருக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பொய் உங்கள் கழுத்துக்கே வரும். கம்பெனி மாறும்போது நீங்கள் சொல்லும் போனஸைப் பழைய கம்பெனியிடம் சரிபார்ப்பார்கள். புதுப்பிக்கும்போது கோட்டைவிட்டாலும் பெரிய கிளைம் வரும் நாளில் தோண்டி எடுப்பார்கள். அன்று அவிநாசி சாலையில் வண்டி நொறுங்கிக் கிடக்கும், கையில் இருக்கும் பாலிசிக்கு மதிப்பு இருக்காது. சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ச் சில லட்சத்தை விடுகிற வேலை.

கொடுமுடி மருமகனுக்கு: நீங்கள் போடுவதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். நாள் தள்ளிப் போனால் என் தொழில்காரர்கள் கேட்கும் கேள்வி கூடும். கல்லையும் காரையும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இட்டேரி ராஜா

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் ஐயா.

சங்ககிரி லாரிக்காரன்

"கார் முழுக்க இலவசப் பெயிண்ட்" என்பது பேச்சு இல்லை தம்பி, வாக்குமூலம்.

தென்னந்தோப்பு (ஆனைமலை)

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எல்லாச் சின்னச் சேதமும் ஒன்றல்ல. போன ஆடிக் காற்றில் என் கார்மேல் தேங்காய் விழுந்தது. காய் அல்ல, குலை. முன் கண்ணாடி சிலந்தி வலையாகிவிட்டது, பானெட்டில் இரண்டு குழி. தென்னைக்கு அடியில் காரை நிறுத்தியது என் புத்தி. கண்ணாடிக்குத் தேய்மானமே பிடிப்பதில்லை, முழு விலையும் தருவார்கள். என்னுடைய கம்பெனியில் கண்ணாடி மட்டும் மாற்றினால் போனஸில் கை வைப்பதில்லை என்று ஒரு விதியும் இருந்தது. ஆகவே கண்ணாடியைக் கிளைமில் வாங்கினேன், பானெட் குழிகளை என் காசில் எடுத்தேன். இந்த விதி எல்லாப் பாலிசியிலும் இருக்காது. உங்கள் தாளைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

மயில் வந்த வீடு (சூலூர்)

தேங்காயாவது ஒருமுறை விழுந்து முடிகிறது. எங்கள் வீட்டுக்குத் தினமும் காலை ஒரு மயில் வருகிறது. பளபளப்பான கதவில் தன்னையே பார்த்துவிட்டு, இன்னோர் ஆண் மயில் தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக எண்ணிக் கொத்துகிறது. பக்கக் கண்ணாடி போய்விட்டது, கதவில் முப்பது குத்து. விரட்டவும் பயமாக இருக்கிறது; தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. இதற்குக் கிளைம் கேட்டால் எத்தனை சம்பவம் என்று எழுதுவது, சர்வேயர் ஐயா?

ஓய்வுபெற்ற சர்வேயர்

முப்பது. தலா ஆயிரம் ரூபாய் கட்டாயக் கழிவு. காருக்கு ஒரு பழைய வேட்டியைப் போர்த்துங்கள்.

கரூர்க்காரி (கரூர்)

ஆசிரியருக்கு என் கதையும் பயன்படலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பம்பர் சேதம், 11,000 ரூபாய். போனஸைக் காப்பாற்ற வேண்டும் என்று கைக்காசு போட்டேன். ஏழு வாரம் கழித்து ஒரு மணல் லாரி முன்பக்கத்தை முழுதாகத் தின்றுவிட்டது. கிளைம் போட்டே ஆக வேண்டும், போட்டேன், போனஸ் போயே போனது. அந்த 11,000 எதைக் காப்பாற்றியது? ஒன்றையும் இல்லை.

முதல் சேதத்துக்கே கிளைம் போட்டிருந்தால் அதே பாலிசி ஆண்டுக்குள் வந்த இரண்டாவதுக்கும் சேர்த்துப் போனஸ் ஒருமுறைதான் போயிருக்கும். கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில், மீதமுள்ள மாதங்களில் வேறு எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை

உண்மை. அந்த நம்பிக்கை இல்லாமல் எந்தக் கணக்கும் எழுத முடியாது, அம்மணி. ஆனால் ஆசிரியருக்கு ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம்தான். பாலிசி தொடங்கிய மாதத்திலேயே மோதியிருந்தால் உங்கள் வாதத்துக்கு நான் இன்னும் அதிக இடம் கொடுத்திருப்பேன். அதற்காக மூன்று மாதம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளைம் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்; சர்வேயர் மேலே சொல்லிவிட்டார்.

கொடுமுடி மருமகன்

நேற்று ஒரு பதற்றத்தில் கம்பெனிக்குப் போன் செய்து விவரத்தைப் பதிந்துவிட்டேன். எண் கொடுத்துவிட்டார்கள். சர்வேயர் இன்னும் வரவில்லை. இதோடு போனஸ் போய்விட்டதா?

வாபஸ் வாங்கியவன் (கோபிசெட்டிபாளையம்)

போகவில்லை, ஆனால் கவனமாக இருங்கள். எனக்கும் இதுவே நடந்தது. பதிந்தேன், மறுநாள் வேண்டாம் என்றேன், "சரி சார்" என்று போனை வைத்துவிட்டார்கள். புதுப்பிக்கும்போது பார்த்தால் போனஸ் பூஜ்யம். ஒரு ரூபாய் வாங்கவில்லை, சர்வேயர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாகவும் குறிப்பிட்டேன். பத்தாம் நாள் சரிசெய்து அனுப்பினார்கள்.

ஆகவே வாயால் சொல்லாதீர்கள். கிளைம் எண்ணைக் குறிப்பிட்டு, பணம் ஏதும் பெறாமல் திரும்பப் பெறுவதாக எழுதுங்கள். மூடிவிட்டோம் என்று எழுத்தில் பதில் வரும் வரை விடாதீர்கள்.

கொடுமுடி மருமகன்

அப்படியே செய்கிறேன். இன்னொரு செய்தியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். இந்த இழையை வீட்டில் படித்துக் காட்டினேன். "அடுத்த ஆண்டு தீபாவளிக்குப் பெரிய கார் வாங்கப் போகிறோமே, அதை எழுதினீர்களா?" என்று கேட்டார். இது கணக்கில் சேருமா?

கணக்குப்பிள்ளை

சேருமாவா! ஆசிரியரே, இதை வைத்துக்கொண்டா மூன்று நாள் எங்களை உழ வைத்தீர்கள்?

போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றால் கம்பெனியிடம் போனஸ் சான்று வாங்கிப் புதிய காரில் அப்படியே வைக்கலாம். மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான். புதிய பெரிய காரின் சொந்தச் சேதப் பிரீமியம் முழுதாக 22,000 என்று வைப்போம். கிளைம் இல்லாத கொடுமுடி மருமகன் அதில் 50 சதவீதம் கழித்துக்கொள்வார். கிளைம் போட்டவர் அன்று 20-ஆம் படியில் நிற்பார். முதல் ஆண்டு மட்டும் வித்தியாசம் 6,600. அடுத்தடுத்து 5,500, 3,300, 1,100. இந்த ஆகஸ்டில் பழைய காருக்குக் கூடுதலாகக் கட்டும் 4,000 தனி. பிரீமியம் இறங்குவதைக் கொஞ்சம் தள்ளினாலும் இருபதாயிரத்தை ஒட்டி நிற்கிறது.

இப்போது ஷோரூமில் கைக்காசு 18,500 கொடுத்துச் செய்தால்கூடக் கிளைம் போடுவதைவிட மலிவு. திருப்பூர்த் தம்பி என்ன சொல்கிறார்?

பிரீமியம் கட்டியவன்

நான் என்ன சொல்ல. கம்பெனி ஜெயித்துவிட்டது என்கிறேன். கொள்கையளவில் என் பேச்சு நிற்கிறது. இவருக்கு மட்டும் விதிவிலக்கு.

புதிய காருக்கு பம்பர் டு பம்பரும், போனஸைக் காப்பாற்றும் தனி இணைப்பும் கேளுங்கள் தம்பி. உங்கள் மாமனார் தோட்டத்தில் இன்னும் எத்தனை கல்லுக்கால் இருக்கிறதோ.

சங்ககிரி லாரிக்காரன்

மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 ரூபாய் வரை பாலிசியில் இடம் இருக்கிறது. கல் சாய்ந்திருந்தால் அவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம்.

கொடுமுடி மருமகன் (செப்டம்பர்)

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் முடிவை எழுதுகிறேன். கிளைமை எழுத்தில் திரும்பப் பெற்றேன். மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகு மூடியதாகப் பதில் வந்தது. வீட்டுக்கு அருகில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். 8,500 பேசி, பின் விளக்கின் பிடி உடைந்திருந்ததால் 9,200 ஆனது. உள்பலகையைக் கழற்றித்தான் தட்டினார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆகஸ்டில் பாலிசி புதுப்பித்தாயிற்று. முழுச் சொந்தச் சேதப் பிரீமியம் 7,400-க்கு இறங்கியிருந்தது, 50 சதவீதம் போக 3,700. பங்காளி ஏஜென்ட் ஒரு வாரம் பேசவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

மாமனார் அந்தக் கல்லுக்காலுக்குச் சுண்ணாம்பு அடித்து மேலே ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டார். தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் என்ன சாமி என்று கேட்கிறார்களாம்.

ஒரே ஒரு குறை. காலையிலும் மாலையிலும் நிறம் சரியாக இருக்கிறது. மதிய வெயிலில் கதவு மட்டும் ஒரு சாயல் கூடுதலாகத் தெரிகிறது. வீட்டில் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

பட்டறை வீட்டம்மா

நிறத்துக்கு ஓர் எண் உண்டு, வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். அதைச் சொல்லிக் கலக்கச் சொன்னீர்களா, கண்ணால் பார்த்துக் கலந்தார்களா?

கொடுமுடி மருமகன்

கண்ணால்தான் அக்கா.

பட்டறை வீட்டம்மா

அப்படியானால் மதியத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள். தென்னை வேண்டாம்.